சீமைக்குப் போன பெருச்சாளி

இங்கிலீஷ் அகராதியில் எங்கள் வீட்டுச் சொல் ஒன்று இருக்கிறது. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். காமயகவுண்டன்பட்டிப் பக்கம் நெல் விளைவிக்கிற குடும்பத்தில், அடுப்படியில் புழங்கிய ஒரு சொல் கப்பலேறிப் போய் வெள்ளைக்காரன் புத்தகத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது என்றால் யாருக்குத்தான் பெருமை வராது? அதைவிடப் பெரிய விஷயம், அந்தச் சொல்தான் ஒரு வருஷம் எங்கள் வயலுக்குத் தண்ணீரையும் எங்கள் வீட்டுக்கு மானத்தையும் மீட்டுக் கொடுத்தது.

தமிழில் பெருச்சாளி என்கிற பிராணியை இங்கிலீஷில் பேண்டிகூட் என்பார்கள். எங்கள் வீடுகளில் பேச்சு தெலுங்கு. எந்தக் காலத்தில் எந்த வழியாக இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தோம் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது, ஆனால் பேச்சை மட்டும் விடவில்லை. அந்தப் பேச்சில் அதற்குப் பந்திகொக்கு என்று பேர். தமிழ்க் காதில் விழுந்தால் சாப்பாட்டுப் பந்தியும் குளத்துக் கொக்கும்தான் ஞாபகம் வரும். இரண்டுக்கும் சம்பந்தமில்லை. பந்தி என்றால் பன்றி, கொக்கு என்றால் பெரிய எலி. கோபம் வந்தால் பன்றியைப்போல உறுமுகிற எலி அது. தமிழ்க்காரர்கள் ஊர்ப் பணத்தை விழுங்கி வயிறு வளர்ப்பவனையும் பெருச்சாளி என்று திட்டுவார்கள். அந்தப் பிராணி விழுங்குவதைப் பார்த்தவர்களுக்கு அந்தத் திட்டு எவ்வளவு பொருத்தம் என்று புரியும்.

ஆனால் நான் வாழ்க்கைப்பட்டுப் போன வீட்டில் அந்தப் பேரைச் சொல்லக்கூடாது. தமிழிலும் கூடாது, தெலுங்கிலும் கூடாது.

எனக்குப் பிறந்த ஊர் மயிலாடும்பாறைப் பக்கம். மானாவாரிப் பூமி. சோளம், கம்பு, அதை விட்டால் மொச்சை. கால்வாயும் கிடையாது, கால்வாய்க்குக் கரையும் கிடையாது. அதனால் பெருச்சாளி என்றால் கொல்லையில் மண்ணைப் பறித்துப் போடுகிற ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி இங்கே வந்த முதல் வாரத்தில், கொல்லையில் புதிதாகக் குவிந்திருந்த மண்ணைப் பார்த்துவிட்டு வந்து, "அத்தை, பெருச்சாளி வளை தோண்டியிருக்கு, புகை போடணும்" என்றேன். மாமியார் புளி கரைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கையாலேயே என் வாயைப் பொத்தினார். அன்று முழுவதும் என் உதட்டில் புளி எரிந்தது.

"பேரைச் சொல்லிப் பேசாத. கேட்டுக்கிட்டு இருக்காக" என்றார்.

யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று சுற்றிப் பார்த்தேன். ஒருவருமில்லை. பிறகுதான் விளக்கம் வந்தது. அதைப் பிடிக்கப் போகிறோம் என்று பேர் சொல்லிப் பேசினால் அது கேட்டுவிடும். கேட்டால் பிள்ளைகுட்டிகளோடு வேறு வளைக்குக் குடிபோய்விடும். போகிற போக்கில் பெட்டியில் இருக்கிற நல்ல சீலையாகப் பார்த்துக் குதறிவிட்டுப் போகும். ஆகவே அந்த வீட்டில் அதற்கு "அவுக" என்றுதான் பேர். மரியாதையான பன்மை வேறு.

இதில் எனக்கு ஒரு கஷ்டம் இருந்தது. என் வீட்டுக்காரர் மலைக்கு அந்தப்பக்கம், மலையாளச் சீமை ஏலத்தோட்டம் ஒன்றில் ஆள் மேய்க்கிற வேலையில் இருந்தார். எப்போதாவதுதான் இறங்கி வருவார். புருஷன் பேரைச் சொல்லக்கூடாது என்பதால் அவரையும் நான் "அவுக" என்றுதான் சொல்வேன். காலையில் மாமியார் கொல்லையிலிருந்து, "ஏத்தா, அவுக வந்துட்டுப் போயிருக்காக" என்று குரல் கொடுப்பார். தலையைக் கோதிக்கொண்டு ஓடிப்போய்ப் பார்ப்பேன். கடித்துப் போட்ட பூசணிப் பிஞ்சு கிடக்கும். இப்படி எத்தனை தடவை ஏமாந்தேன் என்று கணக்கே இல்லை.

"தமிழ்ல சொன்னாத்தான கேக்கும், நம்ம பேச்சுல சொன்னா அதுக்கு எப்படிப் புரியும்?" என்று ஒரு நாள் கேட்டுப் பார்த்தேன்.

"நம்ம வீட்டு நெல்லைத் தின்னு வளந்தவுகளுக்கு நம்ம பேச்சு புரியாதாக்கும்?" என்றார். மாமனார் காலமாகிப் பல வருஷம் தனியாளாக நின்று வயலைக் காப்பாற்றிய மனுஷி அவர். அவரிடம் வாதாடி ஜெயித்தவர் ஊரில் கிடையாது.

கல்யாணமான மறுவருஷம் அது நடந்தது. எங்கள் வயல் கால்வாய்க் கரையை ஒட்டியே இருந்தது. கால்வாய்த் தண்ணீர் முறை வைத்து வரும். எங்கள் முறை முடிந்தால் எங்கள் மடையை அடைத்துவிட வேண்டும். தண்ணீர் கீழே கடைமடைக்காரர்களுக்குப் போகும். அவர்கள் முறை நடந்துகொண்டிருந்த ஒரு நாள் விடிந்து பார்த்தால், எங்கள் வயலுக்கு நேராகக் கரை உடைந்து, அவர்களுக்குப் போக வேண்டிய தண்ணீரெல்லாம் எங்கள் நெல்லில் நிற்கிறது.

கால்வாயைக் காவல் காக்கிற அரசாங்க ஆளுக்கு லஸ்கர் என்று பேர். அவன் வந்து பார்த்தான். கடைமடைக்காரர்களும் திரண்டு வந்து பார்த்தார்கள். பார்த்த எல்லோருக்கும் ஒரே முடிவுதான்: பொம்பளைகள் மண்வெட்டியால் கரையை வெட்டித் தண்ணீர் திருடிவிட்டார்கள். அன்றைக்கே உடைப்பில் மண் போட்டு அடைத்தார்கள். கால்வாயில் தண்ணீரைக் குறைத்தார்கள். எங்கள் மடைக்குப் பலகை போட்டுப் பூட்டினார்கள். இஞ்சினியர் துரை நேரில் வந்து விசாரிக்கும்வரை எங்கள் வயலுக்குத் தண்ணீர் கிடையாது, குற்றம் உறுதியானால் அந்தப் போகம் முழுவதும் கிடையாது என்று தெருத்தெருவாகத் தண்டோரா போட்டுச் சொன்னார்கள்.

நெல் அப்போது பால் பிடிக்கிற நேரம். அந்த நேரத்தில் தண்ணீர் இல்லையென்றால் கதிர் பதராகிவிடும். வருஷத்துச் சாப்பாடே அந்த வயல்தான். நின்றிருந்த தண்ணீர் வற்றி, சேறு இறுகி, மண்ணில் கீறல் விழ ஆரம்பித்தது. குடத்தில் மொண்டு ஊற்றிப் பார்த்தோம். யானைப் பசிக்குச் சோளப் பொரி போட்டதுபோல இருந்தது. அதைவிடக் கிணற்றடியில் பெண்கள் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்திக்கொள்வதுதான் தாங்க முடியவில்லை. பயிர் காய்ந்தாலும் அடுத்த போகம் விளையும். தண்ணீர் திருடின வீடு என்கிற பேர் வந்தால் பேரன் காலம்வரை போகாது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் மாறிமாறி வந்தன.

மாமியார் அழவில்லை. முதல் நாளே உடைப்புக்கு இரண்டு பக்கமும் கரையில் குனிந்து பார்த்து, பொலபொலவென்று தள்ளியிருந்த மண்ணை விரலால் கிளறிப் பார்த்து, முகர்ந்தும் பார்த்துவிட்டார். "அவுக வேலைதான்" என்றார். கரைக்குள்ளே குறுக்கே வளை போட்டிருக்கிறார்கள், தண்ணீர் ஏறினதும் வளை வழியாகப் புகுந்து கரையைத் தின்றுவிட்டது என்பது அவர் தீர்ப்பு.

"அப்ப தோண்டிக் காட்டிருவோம் அத்தை!"

"கரையில மம்பட்டி வச்சா, அந்தா வெட்டுறாக பாருன்னு அதையே சாட்சியாக்கிருவாக. துரை வரட்டும். அவுக முன்னாலயே புகை போட்டு ஆளை வெளிய கொண்டாந்து காட்டுவோம். அதுவரைக்கும் யாரும் பேரைச் சொல்லப்படாது. சொன்னம்னா குடும்பத்தோட கிளம்பிருவாக. வெறும் வளையைக் காட்டினா எந்தத் துரை நம்புவான்?"

நியாயமாகத்தான் பட்டது. அடியில் துளை போட்ட மண்பானை ஒன்று, வைக்கோல், காய்ந்த மிளகாய் வத்தல் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கட்டி, கரையோரப் புங்கமரத்தடியில் வைத்தார். பானைக்குள் வைக்கோலைத் திணித்து நெருப்பு வைத்து, பானை வாயை வளை வாயோடு பொருத்தி, துளை வழியாக ஊதினால் புகை முழுக்க வளைக்குள் போகும். வத்தலையும் போட்டால் உள்ளே இருக்கிறவர் எந்தச் சீமான் ஆனாலும் வெளியே வந்துதான் ஆகவேண்டும்.

துரை வந்தார். உயரமான மனுஷர். வெயிலில் முகம் செம்பருத்தியாகச் சிவந்திருந்தது. கூடவே தமிழை இங்கிலீஷாக்கிச் சொல்ல ஒரு ஓவர்சியர். கரை முழுக்கக் கூட்டம். லஸ்கர் உடைப்பைக் காட்டி நடந்ததைச் சொன்னான். பிறகு ஓவர்சியர் மாமியாரைப் பார்த்துத் திரும்பினார்.

"கரையை உடைச்சது யாரு?"

"அவுகதான்."

"அவுகன்னா யாரு?"

மாமியார் தன் காலடியை ஒரு பார்வை பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இங்கன வச்சுச் சொல்ல முடியாதுங்கய்யா. கேட்டுக்கிட்டு இருக்காக."

ஓவர்சியர் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. குற்றவாளி பக்கத்திலேயே நிற்கிறானோ என்று கடைமடைக்காரர்கள் முணுமுணுத்தார்கள். "யாருக்கும் பயப்படாத ஆத்தா, பேரைச் சொல்லு" என்றார் ஓவர்சியர்.

"பேரைத்தான் சொல்லக் கூடாது. ஒரு பானை புகை போட உத்தரவு குடுங்க. அவுகளே வெளிய வருவாக."

"கால்வாய்க் கரையில நெருப்பு வைக்கணுமா? எதுக்கு?"

"அதையும் சொல்ல முடியாது."

இதை அந்த ஓவர்சியர் எப்படி மொழிபெயர்த்தாரோ தெரியாது. எனக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாது. ஆனால் துரையின் முகத்தைப் படிக்க இங்கிலீஷ் வேண்டியதில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மடைப் பூட்டைப் பார்த்தார். ஓவர்சியரிடம் ஏதோ சுருக்கமாகச் சொன்னார். லஸ்கர் வாயெல்லாம் சிரிப்பாக, "போகம் முழுக்க அடைப்புத்தான்" என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

துரை திரும்பி நடக்க ஆரம்பித்தார். மாமியார் வாயை இறுக்கி மூடிக்கொண்டு கற்சிலையாக நிற்கிறார். அவருக்குப் பின்னால் எங்கள் நெல் முழுக்கப் பால் பிடித்த கதிரோடு நிற்கிறது. எனக்கு மண்டைக்குள் என்னவோ அறுந்துவிட்டது. பெருச்சாளி ஓடினால் ஓடட்டும், சீலையைக் குதறினால் குதறட்டும். ஆத்திரத்தில் தமிழ் எங்கே போனதோ, வாயில் வந்தது வீட்டுப் பேச்சுதான்.

"பந்திகொக்கு!" என்று கத்தினேன். "பந்திகொக்கு! பந்திகொக்கு!"

கால்வாய்க்கு அந்தக் கரைவரை கேட்டிருக்கும். மாமியார் என் கையைப் பிடித்துக் கிள்ளிய கிள்ளு இன்றைக்கும் நினைவிருக்கிறது. ஓவர்சியர் விழித்தார். லஸ்கர் விழித்தான்.

துரை நின்றார். மெதுவாகத் திரும்பினார்.

"பேண்டிகூட்?" என்றார்.

நான் தலையை ஆட்டினேன். அவர் சொன்னதும் நான் சொன்னதும் ஒன்றே என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. "ஆமா, பந்திகொக்கு" என்று காலடியைக் காட்டினேன். துரை மறுபடியும் "பேண்டிகூட்!" என்றார். இந்தத் தடவை கேள்வியாக இல்லை. விறுவிறுவென்று திரும்பி வந்து, நல்ல சராய் அழுக்காவதைப் பற்றிக் கவலைப்படாமல் கரையில் குந்தி உட்கார்ந்து, அந்தப் பொலபொல மண்ணைக் கையால் விலக்கினார். உள்ளே கை நுழைகிற அளவுக்கு வளை. தன் பங்களாத் தோட்டத்தில் போட்ட உருளைக்கிழங்கையெல்லாம் அவைதான் தோண்டித் தின்றுவிட்டன என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாராம். ஓவர்சியர் சொல்லித் தெரிந்துகொண்டோம். ஆக, துரைக்கும் அவுகளோடு பழைய பகை இருந்திருக்கிறது.

மாமியாருக்கு அதெல்லாம் கேட்க நேரமில்லை. "பேரைச் சொல்லிக் கெடுத்துப்புட்டியே! நிக்காத புள்ள, பானையை எடு! கேட்டுப்போச்சு, கிளம்பிருவாக!" என்று என்னைப் பிடித்துத் தள்ளினார். உத்தரவை யாரும் வாய்விட்டுத் தரவில்லை. துரை வளையை விட்டு நகர்ந்து இடம் கொடுத்ததே உத்தரவு என்று எடுத்துக்கொண்டோம்.

மாமியார் பானையைப் பொருத்தி மண் பூசினார். நான் குப்புறப் படுத்து ஊதினேன். ஊத ஊதப் புகை என் பக்கமே திரும்பிக் கண்ணில் அடித்தது. ஒன்றும் நடக்கவில்லை. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். போய்விட்டதோ, நான் கத்தியதால் நிஜமாகவே கிளம்பிவிட்டதோ என்று அந்த நேரத்தில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மாமியார் என்னை ஒதுக்கிவிட்டுத் தானே படுத்து ஊதினார். அந்த வயதில் அவருக்கு எங்கிருந்து அத்தனை மூச்சு வந்தது என்று தெரியவில்லை.

கரைக்கு அந்தப் பக்கம், கால்வாயின் உள் சரிவில், வற்றின தண்ணீருக்கு மேலே மண்ணிலிருந்து மெல்லியதாகப் புகை கிளம்பியது. "அந்தா! அந்தா!" என்று கடைமடைக்காரர் ஒருவரே கத்தினார். இன்னொரு இடத்தில் கிளம்பியது. பிறகு லஸ்கர் நின்றிருந்த இடத்துக்குப் பக்கத்தில். வயல் பக்கம் ஊதிய புகை கால்வாய்ப் பக்கம் வருகிறது என்றால் கரை எப்படி உடைந்தது என்று இனி யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கூட்டமே வத்தல் நெடியில் தும்மிக்கொண்டும் இருமிக்கொண்டும் இருந்தபோது, லஸ்கரின் காலடி மண்ணைப் பிளந்துகொண்டு அவுகளில் மூத்தவர் வெளியே வந்தார். பூனைப் பருமன் இருக்கும். மயிரைச் சிலிர்த்துக்கொண்டு உறுமினார் பாருங்கள், சுத்தமான பன்றி உறுமல். லஸ்கர் "ஆத்தே!" என்று கால்வாய்ச் சேற்றில் குதித்தான். பின்னாலேயே பெண்சாதியும் பிள்ளைகளும் ஓடினார்கள். துரை விழுந்து விழுந்து சிரித்தார். நானும் புகையில் வந்த கண்ணீரும் சிரிப்பில் வந்த கண்ணீருமாகச் சிரித்தேன்.

அதற்குப் பிறகு கடைமடைக்காரர்களே மண்வெட்டி கொண்டுவந்து கரையைத் தோண்டினார்கள். உள்ளே ஒரு நெற்குதிரே இருந்தது. எங்கள் வயலில் சாய்வாகக் கடித்தறுத்த பச்சைக் கதிர்களை ஒரே பக்கமாகத் தலை வைத்து அடுக்கியிருந்தார்கள். எங்கள் வீட்டில்கூட நெல்லை அவ்வளவு ஒழுங்காக அடுக்கினதில்லை. கரையைக் கெட்டிப்படுத்தி மூடினார்கள். துரை மடையைக் காட்டி லஸ்கரிடம் ஏதோ சொன்னார். சேற்றோடு சேறாக நின்றவன் சாவியைத் தேடினான்.

"பொறு" என்றார் மாமியார். "ஏலே, அடைச்சப்பத் தண்டோரா போட்டுத்தான அடைச்சீக? தொறக்கிறதையும் தண்டோரா போட்டுத் தொற. தண்ணி திருடல, இவுக வீட்டுப் பொம்பளைக திருடலன்னு தெருத்தெருவாச் சொல்லு."

ஓவர்சியர் சிரித்துக்கொண்டே அதைத் துரைக்குச் சொன்னார். துரை தொப்பியை எடுத்துவிட்டுத் தலையசைத்தார். அன்று சாயங்காலம் தண்டோரா எந்தெந்தத் தெருவில் போனதோ அந்தந்தத் தெருவிலெல்லாம் மாமியாரும் நானும் பின்னாலேயே நடந்தோம். கிணற்றடி வந்ததும் நான் வேண்டுமென்றே நின்று, முகம் கழுவி, சாவகாசமாகத் துடைத்துக்கொண்டேன். அந்த வருஷம் கதிர் தலை நிமிர முடியாமல் விளைந்தது.

ஆனால் ஒரு கேள்வி மட்டும் எங்கள் வீட்டில் தீரவில்லை. துரைக்கு எப்படி எங்கள் வீட்டுப் பேச்சு தெரியும்? மாமியார் அவருக்கு முற்பிறவியில் எங்கள் சனத்தில் யாரோ உறவு என்று முடிவு கட்டியிருந்தார்.

யுத்தம் நடந்த வருஷங்களில் என் தம்பி மதுரையில் காலேஜில் படித்துக்கொண்டிருந்தான். லீவுக்கு வந்தவனிடம் அந்தக் கதையைச் சொன்னேன். அடுத்த தடவை தலையணை கனத்தில் ஓர் இங்கிலீஷ் அகராதியை இரவல் வாங்கி வந்தான். பக்கத்தைப் பிரித்து, விரலை வைத்து, வார்த்தை வார்த்தையாகத் தமிழில் சொன்னான். பேண்டிகூட், ஒருவகைப் பெரிய எலி, தெலுங்குச் சொல், பன்றி எலி என்று அர்த்தம். கிழக்கிந்தியக் கும்பினிக்காரர்கள் முன்காலத்தில் தெலுங்குக் கடற்கரையில் பண்டகசாலை போட்டிருந்தார்கள், அங்கே மூட்டை மூட்டையாகப் பறிகொடுத்துவிட்டுக் கற்றுக்கொண்ட வார்த்தையாக இருக்கும் என்றான். ஆஸ்திரேலியாவில் வயிற்றில் பை வைத்த வேறொரு பிராணியைப் பார்த்தபோது, அதற்கும் இதே பேரைத் தூக்கி வைத்துவிட்டார்களாம்.

நான் அந்தப் பக்கத்தைத் தடவிப் பார்த்தேன். எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்து, ஆனால் உள்ளே இருந்தது என் சொல். அடுப்படியில் சொல்லக் கூடாது என்று புளிக்கையால் பொத்திய சொல். சத்தம் போட்டுச் சிரித்தேன். உடம்பெல்லாம் சந்தோஷம்.

மாமியார் சிரிக்கவில்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "நான் அன்னைக்கே சொன்னேன்ல? பேரைச் சொன்னாக் கேட்டுரும்னு. பாரு, சீமை வரைக்கும் கேட்டிருக்கு" என்றார்.

இத்தனை வருஷம் கழித்தும் அவரே ஜெயித்துவிட்டார்.

மறுநாள் எங்கள் முறை. மடை திறக்க இருவரும் கரைக்குப் போனோம். பழைய லஸ்கர்தான் மடைப் பூட்டைத் திறந்துவிட்டுச் சாவியோடு நின்றான். மாமியார் அவனைத் தாண்டிப் போய், கரையின் உச்சியில் ஏறி நின்று, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். அந்த வாயால் ஒருநாளும் நான் கேட்டிராத சொல்லை, பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கிற மாதிரி கூவினார்.

"பந்திகொக்கு!"

லஸ்கர் துள்ளிக் குதித்துத் தன் காலடியைப் பார்த்தான்.

"எல்லாருக்கும் தெரிஞ்ச பேராப் போச்சு. இனி என்னத்துக்கு ஒளிக்கணும்? கேக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, மாமியார் குனிந்து தன் கையாலேயே மடைப் பலகையைத் தூக்கினார். தண்ணீர் எங்கள் வயலுக்குள் பாய்ந்தது.